ஒன்பது துண்டில் ஒரு சபை

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் வருகிற அமரவிளையில், நெடுஞ்சாலை ஓரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸோடு எனக்குள்ள உறவு அதோடு முடிந்திருக்க வேண்டியது. பாறசாலையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் புது கேமரா வாங்கியபோது பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். கூடவே, “கல்யாணத்துக்கு மட்டும் போயிராதீங்க, மனுசன் நிம்மதி போயிரும்” என்று ஒரு புத்திமதியும் தந்தார். அந்தப் புத்திமதியை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். நிம்மதி போவதற்குக் கல்யாணம்தான் வேண்டும் என்பதில்லை என்று அவர் சொல்ல மறந்துவிட்டார்.

நான் எடுக்க நினைத்தது மலையும் கடலும். மலை ஆல்பம் கேட்காது. கடல், “எனக்க மூக்கு இப்படியா இருக்கு?” என்று சண்டைக்கு வராது. ஆனால் கேமராவோடு வந்த லென்ஸில் மலையில் பாதிதான் அடங்கியது. அகலமான லென்ஸ் வாங்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் இல்லாதவன் வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். காட்சியைத் துண்டு துண்டாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவது. பனோரமா என்று அதற்குப் பெயர். பெயர் அழகாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

முதல் முயற்சி அம்பூரியில். மனைவியையும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரப்பர் தோட்டங்களுக்கு மேலே ஒரு பாறையில் ஏறினேன். கீழே அணையின் தண்ணீர், அதற்குள் குட்டிக் குட்டித் தீவுகள், அப்பால் மலை. கேமராவைக் கையில் பிடித்து, இடமிருந்து வலமாகச் சுழன்று சுழன்று எடுத்தேன். எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டிருந்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக வெளிச்சம் முடிவு செய்திருந்தது. ஒட்டியபோது வானம் ஒரு பட்டை வெளுப்பு, ஒரு பட்டை நீலம், ஒரு பட்டை சாம்பல் என்று நின்றது. மலைக்குப் படிக்கட்டு முளைத்திருந்தது.

மனைவி பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம். “வானத்துக்குக் கோடு போட்ட சாரம் உடுத்தி விட்டிருக்கீங்க” என்றாள்.

மச்சினன் தன் போனை எடுத்துக் காட்டினான். அதே பாறையில் நின்று அவன் ஒரே சுழற்றில் எடுத்த படம். வானம் வானமாகவும் மலை மலையாகவும் இருந்தது. “அத்தான், இதுல தன்னால வந்திரும். ஒரு பட்டன்தான்” என்றான். அவனுக்கு விடுமுறை முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்று அன்பாக விசாரித்தேன்.

பிறகு யூடியூபில் படித்தேன். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட வேண்டும். கேமராவை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வர வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுவதற்குப் பிடி கிடைக்காது. திரும்பும்போது நம் இடுப்பைச் சுற்றித் திரும்பக் கூடாது, லென்ஸைச் சுற்றித் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நடைமுறையில் செய்துபார்க்கும்போது சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். காரோடு என்ற ஊருக்கு அப்பால் கடற்கரையில் நான் ட்ரைபாடைச் சுற்றி நண்டு மாதிரி நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “என்ன சாரே, ரோட்டுக்கு அளக்கியளா? எனக்க வீடு போவுமா?” என்று பதறினார்.

அசையாத பொருளை ஒட்ட எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அசையும் பொருள்தான் தொல்லை. கடை வாசலிலிருந்து நெடுஞ்சாலையை எடுத்தேன். நான் திரும்பிய திசையிலேயே ஓடிய பஸ் ஒன்று, படத்துக்குப் படம் வந்து, கடைசியில் ரயில் நீளத்துக்கு நீண்டது. எதிரே வந்த ஆட்டோவில் முன்சக்கரமும் டிரைவரின் ஒரு முட்டியும் மட்டும் தேறின. சிரிப்பாக இருந்ததால் அதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான் செய்ததில் அதைவிடப் பெரிய மடத்தனம் இன்னும் ஒன்றும் இல்லை.

எங்கள் சபை பழைய மிஷன் சபை. அந்த வருடம் பெரிய ஆண்டுவிழா. விழா என்றால் கமிட்டி. கமிட்டி என்றால் எங்கள் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பந்தலுக்கு ஒரு கமிட்டி, பாட்டுக்கு ஒரு கமிட்டி, பிரியாணிக்கு ஒரு கமிட்டி என்று எத்தனை வைத்தாலும் எல்லாவற்றிலும் அவர் இருப்பார். பனோரமா எடுக்காமலேயே ஒரு மனிதர் எல்லா இடத்திலும் தெரிய முடியும் என்பதற்கு அவர்தான் சாட்சி.

பஸ் படத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்.

“எலே மக்கா, கொள்ளாம்லே, நல்லாருக்கு. இது போல நம்ம சபை முழுக்க ஒரே படத்துல வரணும். நடுவுல பிஷப். ஒருத்தரும் விட்டுப் போவப்பிடாது. பாரிஷ் ஹால்ல மாட்டணும்.”

“சாரே, இது மலைக்கும் கடலுக்கும் உள்ளதாக்கும். ஆளு அனங்குனா சரியாட்டு வராது. பஸ் என்ன பாடு பட்டிருக்கு, பாத்தீங்கல்லா?”

“பஸ்ஸுக்கு அறிவில்ல. நான் சொன்னா ஒருத்தனும் அனங்க மாட்டான்.”

அதே நம்பிக்கையில்தான் அவர் ஒரு பள்ளிக்கூடத்தையும் நடத்தி முடித்திருந்தார். அந்தப் பள்ளியில் படித்தவன் நான். அங்கே நாங்கள் எவ்வளவு அசையாமல் இருந்தோம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டினேன். தேடி வந்து என்னிடம் இதுவரை யாரும் ஒரு படம் கேட்டதில்லை.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். சபையில் பாதிப்பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவர், செயலாளரின் பிள்ளைகள் உட்பட. சபைப் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஜெபத்துக்கு எழுந்திருக்கும்போது இவர் கேள்விக்கு எழுந்திருப்பார். போன தேர்தலில் செயலாளரை எதிர்த்து நின்று, கொஞ்ச ஓட்டில் தோற்றார். அதிலிருந்து இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேச வேண்டியது ஏதாவது இருந்தால் போதகரிடம் சொல்வார்கள். பக்கத்திலேயே நிற்கிற மற்றவருக்கும் கேட்கும்படி சொல்வார்கள்.

விழா ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் பெஞ்சுகள் போட்டோம். பேராயர் நடுவில் நாற்காலியில். முன்னால் தரையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். அங்கி போட்ட பாடகர் குழு ஒரு பக்கம். பெண்கள் சங்கத்தைப் பின் வரிசைக்குப் போகச் சொல்லி மைக்கில் உத்தரவு வந்தது. டீச்சர் போகவில்லை. “பின்னால நிக்கதுக்கு நாங்க என்ன பந்தக்காலா?” என்று போதகரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சங்கத்தை நடத்திக்கொண்டுவந்து பேராயருக்கு இடது பக்கத்தில் முன்வரிசையில் நிறுத்தினார். தான் பேராயரை ஒட்டி நின்றார். வெயில் உச்சந்தலையில் அடித்தது. அவர் கையில் கறுப்புக் குடை விரிந்திருந்தது. மடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மூக்கையும் துடைத்தவர்தான்.

நான் ட்ரைபாடை நிறுத்தி, எல்லாவற்றையும் பூட்டி, கத்திச் சொன்னேன். “இடது ஓரத்துல தொடங்கி ஒன்பது படம் எடுப்பேன். வலது ஓரம் வர வரை யாரும் இடம் மாறக் கூடாது.”

செயலாளர் அதை மைக்கில் மலையாளத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு மூலத்தைவிட மூன்று மடங்கு நீளமாக இருந்தது. அதில் பிரியாணி கிடைக்காது என்ற எச்சரிக்கையும் சேர்ந்திருந்தது. யாரும் இடம் மாறக் கூடாது என்ற அந்த அறிவிப்பை அவர் இடது ஓரத்தில் நின்று, கையைத் தூக்கிச் செய்துகொண்டிருந்தார். முதல் படத்தில் அப்படியே பதிந்தார்.

நான் அடுத்த படத்துக்குத் திரும்பினேன். கேமராவுக்குப் பின்னால் இருப்பவனுக்கு ஒரு சதுரம்தான் உலகம். அதற்கு வெளியே என்ன ஓடுகிறது என்று தெரியாது. ஓடியது செயலாளர். வரிசைகளுக்குப் பின்னால் ஓடி, பேராயருக்குப் பக்கத்தில் தனக்கென்று மனதில் குறித்துவைத்திருந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார். நான் பத்திரத்துக்கு இரண்டு சுற்று கூடுதலாக எடுத்தேன். மூன்றாம் சுற்றில் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். சபையின் வலது பக்கம் கரைந்து போயிற்று.

வீட்டில் உட்கார்ந்து ஒட்டினேன். கம்ப்யூட்டர் மலை ஏறுகிற லாரி மாதிரி இரைந்தது. இரண்டாம் சுற்றில் நடுவில் ஏதோ தகராறு தெரிந்ததால் அதைத் தொடவே இல்லை. முதல் சுற்று பரவாயில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று கால் வந்திருந்தது. பாடகர் குழுவில் ஒருவரின் கழுத்தில் பக்கத்து ஆளின் தலை உட்கார்ந்திருந்தது. பாட்டு அதனால் கெட்டுப்போக வாய்ப்பில்லை. செயலாளர் இரண்டு தடவை வந்திருந்தார். இடது ஓரத்தில் கையைத் தூக்கி வாயைத் திறந்துகொண்டு ஒருவர், பேராயருக்குப் பக்கத்தில் கைகட்டி அடக்கமாக ஒருவர். காலையும் தலையையும் சரிசெய்தேன். எந்தச் செயலாளரை எடுப்பது என்பது கொள்கை முடிவு என்பதால், கமிட்டியே சொல்லட்டும் என்று படத்தைக் குழுவில் போட்டேன்.

குழுவில் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. செயலாளர், “சூப்பர்!! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று போட்டார். இரண்டு இடத்தில் தான் இருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. அதில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மனைவி டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இந்தக் குடைய யாரு பிடிச்சிருக்கா?” என்றாள்.

பார்த்தேன். பெண்கள் சங்கத்துக்குப் பக்கத்தில், பேராயர் உயரத்துக்கு, ஒரு கறுப்புக் குடையின் பாதி அந்தரத்தில் நின்றது. கீழே கை இல்லை. ஆள் இல்லை. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் செயலாளர் கைகட்டி நின்றார்.

“இது டீச்சருக்க குடையல்லவா?” என்றாள் மனைவி. பிறகு, “நாளைக்குக் கடை திறக்கண்டாம்” என்றாள்.

ஊருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. குரல் செய்திகள் வந்தன. சிலது தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிந்தன. கோபம் கூடக்கூட எங்கள் ஆட்களுக்கு மொழி மாறும். செயலாளர் சொல்லித்தான் டீச்சரை அழித்தேன் என்றது ஒரு கட்சி. டீச்சர் அங்கே நிற்கவே இல்லை, பிரியாணி அண்டா பக்கம்தான் நின்றார் என்றது இன்னொரு கட்சி. அப்படியென்றால் குடை எப்படி வந்தது என்று யாரோ கேட்டதற்கு, குடை ஆவிக்குரிய அடையாளமாக இருக்கலாம் என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். இரண்டு படத்தில் எது நல்லது என்று பார்த்து ஒரு மென்பொருள் கோடு போட்டது, அவ்வளவுதான் நடந்தது என்று நான் எழுதிய நீண்ட விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. எங்கள் சபையில் தற்செயலாக எதுவும் நடந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மனைவி சொன்னதைக் கேட்காமல் கடையைத் திறந்தேன். டீச்சர் எனக்கு முன்னாலேயே வந்து படியில் நின்றார். கையில் அதே குடை.

“எலே, கண்ணு டெஸ்ட் பண்ணியவனுக்கு ஆளு தெரியாமப் போச்சா?”

“டீச்சரே, நான் ஒண்ணும் செய்யல்ல. கம்ப்யூட்டர்தான்…”

“அந்தக் கம்ப்யூட்டருக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?”

எல்லாப் படமும் வீட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். கடையைப் பூட்டினேன். ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, வழி முழுக்க என் தோளில் குடையின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார்.

முதல் சுற்றின் நான்காவது படத்தைத் திறந்தேன். அதில் டீச்சர் முழுசாக, கால் முதல் குடை வரை நின்றார். கண் மட்டும் மூடியிருந்தது. ஐந்தாவது படத்தைத் திறந்தேன். பின்னாலிருந்து ஓடிவந்த செயலாளர் அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். டீச்சரும் பின்னால் சாய்ந்த குடையும் மறைந்து, சேலைத் தலைப்பின் ஒரு விளிம்பு மட்டும் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் தெரிந்தது. இரண்டு படத்திலும் பொதுவாக உள்ள இடம் அது. அங்கே மென்பொருள் ஐந்தாவது படத்தை எடுத்துக்கொண்டது. குடையின் மறுபாதி நான்காவது படத்தின் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தது.

டீச்சர் நான்காவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி கொண்டுவந்த காப்பியைத் தொடவில்லை.

“ஹாலுல பழைய குரூப் போட்டோ ஒண்ணு உண்டு, கண்டிருக்கியா மக்கா?” என்றார்.

“உண்டு டீச்சரே. வெள்ளைக்கார மிஷனரி அய்யரு நடுவுல இருக்கிய படம்.”

“அதுல வலது ஓரத்துல பாதி முகமும் ஒரு கையும் உள்ளது எங்க அம்மை. மீதி வெட்டுப்பட்டுப் போச்சு. ஓரத்துல நில்லுன்னு சொன்னாவ, நின்னா. அவ படமுன்னு வேற ஒண்ணும் கெடையாது. அதுக்காக்கும் நான் நடுவுல போயி நின்னேன்.”

பிறகு அவரே கேட்டார். “அம்மைக்க மத்த பாதிய இதுல ஒட்ட முடியுமா?”

“பக்கத்துலயே எடுத்த இன்னொரு படம் இருந்தாத்தான் ஒட்ட முடியும் டீச்சரே. ஒரு படம்தான் உண்டுன்னா ஒண்ணும் செய்ய முடியாது.”

“அது எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்” என்று சொல்லிக் காப்பியை எடுத்தார். சர்க்கரை குறைவு என்றார். மனைவி டப்பாவை எடுத்துவந்தாள்.

காப்பி குடிக்கும்போது நான் மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்று வந்தது. நான் தகராறு என்று ஒதுக்கிய படம். டீச்சர் செயலாளரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டியிருக்கிறார். செயலாளர் பின்வாங்கிப் பேராயரின் நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிறார். பேராயர் இருவரையும் அண்ணாந்து பார்க்கிறார். வெளிச்சம், ஃபோகஸ், எல்லாம் அவ்வளவு துல்லியம். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான்.

டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. குடையைத் தரையில் ஊன்றி, தோள் குலுங்கச் சிரித்தார். “இதுல கண்ணு தொறந்திருக்கில்லியா! இதப் போடுலே.”

“டீச்சரே, இது ஹாலுல மாட்டப்போற படமாக்கும்…”

“செரி. அப்பம் இதை எனக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தா.”

அன்று சாயங்காலம் செயலாளர் வந்தார். அவருக்கு யாரோ விளக்கிச் சொல்லியிருந்தார்கள். ஒட்டுக் கோட்டை ஒரு சாண் நகர்த்தினால் டீச்சர் வந்துவிடுவார். ஆனால் அதே நொடியில் பேராயர் பக்கத்துச் செயலாளர் போய்விடுவார். மிஞ்சுவது இடது ஓரத்துச் செயலாளர், வாய் திறந்தவர்.

“மக்கா, அந்த ஓரத்துல உள்ள ஆள எடுத்துரு. பிஷப்புக்குப் பக்கத்துல உள்ள ஆளு போரும். நான் ஒண்ணும் பிடிவாதம் பிடிக்கல்ல. ஒரு தடவ வந்தா போரும்.”

“அப்பம் டீச்சரு?”

கொஞ்சம் யோசித்தார். “டீச்சருக்குக் குடை இருக்குல்லா.”

விஷயம் போதகரிடம் போனது. அவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர், எல்லோரும் அச்சன் என்று கூப்பிடுவோம். இரண்டு மொழியிலும் யாரையும் நோகவைக்காமல் பேசத் தெரிந்தவர், அதாவது எதையும் சொல்லாமல் பேசத் தெரிந்தவர். “ரெண்டு பேரும் வேணும். அதுக்கு வழியில்லே?” என்றார். செயலாளரே வழி சொன்னார். பேராயருக்கு வலது பக்கம் நிற்பது பேராயரின் கார் டிரைவர்தானே, அவரை எடுத்துவிட்டு அங்கே தன்னை வைக்கலாம். டிரைவர் சபை ஆள்கூட இல்லை, வேறு ஊர்.

அதுவரை நான் யார் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த டிரைவர் என் படத்தில் தான் வந்த துண்டுகளில் ஒரே ஒரு தவறுகூடச் செய்யாத மனிதர். ஐந்தாவது படத்திலும் ஆறாவது படத்திலும் இமைகூட ஒரே மாதிரி இருந்தது. நான் அசையாதே என்று சொன்னதைச் சபையிலே நம்பியவர் அவர் ஒருவர்தான், அவர் சபை ஆளும் இல்லை.

“முடியாது அச்சோ” என்றேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. “நான் நில்லுங்கன்னு சொன்னப்பம் யாரு எங்க நின்னாங்களோ, அங்கதான் வருவாங்க. டீச்சர் பிஷப்புக்குப் பக்கத்துல நின்னாங்க. சார் இடது ஓரத்துல நின்னாரு. ஓடினதுக்கு நான் பொறுப்பில்ல.”

போதகர் படத்தைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், கையில் இருந்த வேதாகமத்தைப் பார்த்தார். எங்கும் வழி எழுதியிருக்கவில்லை போல. “பேராயர் ஆபீஸில்நின்னு படம் கேட்டு ரெண்டு தடவ போன் விளிச்சு. இனி தாமசிக்கண்டா. மோன் சொன்னதுபோலே செய்” என்றார். எங்கள் ஊரில் நீதி கிடைப்பதற்கு மேலிடத்திலிருந்து அவசரம் வந்தால் போதும்.

கோட்டை நகர்த்தினேன். மவுஸை ஒரு இழுப்பு இழுத்ததும் செயலாளர் மறைந்தார், டீச்சர் வந்தார், குடைக்குக் கை முளைத்தது. இவ்வளவுதான் வேலை. இதற்கா இவ்வளவு நாள் என்று என் மனைவி கேட்டாள்.

அச்சடிக்கப் பாறசாலையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கல்யாண வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அவர்கள்தான். டிசைனர் படத்தைப் பார்த்து, ரெண்டு புறாவும் மேலே ஒரு சூரிய வெளிச்சமும் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குறைந்தபட்சம் ஒரு ரோஜாப்பூ பார்டராவது என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஃபிரேம் போட்டு வந்தபோது ஹாலின் எந்தச் சுவரிலும் படம் அடங்கவில்லை. நீளத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். கடைசியில் ஒரு ஜன்னலை அடைத்து அதன் மேல் மாட்டினார்கள். இப்போது கோடையில் ஹாலில் காற்று வராததற்கும் நான்தான் காரணம்.

திறந்துவைத்த அன்று செயலாளர் வந்தார். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் நேராகப் போய், படத்தில் பேராயர் இருக்கும் இடத்துக்கு முன்னால், கொஞ்சம் வலது பக்கமாக, கைகட்டி நின்றார். திறப்பு விழாவை எல்லோரும் போனில் எடுத்தார்கள். அந்தப் படங்கள் அனைத்திலும் பேராயருக்குப் பக்கத்தில் அவர்தான் இருக்கிறார். ஒட்டுவது எப்படி என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

டீச்சருக்குத் தனியாகப் போட்டுக்கொடுத்த அந்த விரல் படத்தை அவர் வீட்டில் மாட்டுவார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சபைத் தேர்தல் வந்தபோது அது எல்லோர் போனிலும் வந்தது. கீழே ஒரு வரியும் இல்லை. வேண்டியதும் இல்லை. டீச்சர் ஜெயித்தார். பேராயர் முன்னாலேயே கேள்வி கேட்கிறவர் என்று ஊரில் பேச்சு. படம் எடுத்தவன் நான் என்பதால், நான் முதலிலிருந்தே டீச்சர் கட்சி என்று ஆகிவிட்டது. மறுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

போன மாதம் பழைய செயலாளர் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். பதவி போன பிறகு கொஞ்சம் மெலிந்திருந்தார். நாற்காலியில் உட்கார வைத்து லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டேன். “இப்பம் தெளிவா இருக்கா சாரே?” என்று கேட்டேன். பலகையைப் பார்ப்பதற்குப் பதில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆண்டுவிழாப் படத்தைத் திறந்து, விரலால் இடது ஓரத்துக்குத் தள்ளிப் பெரிதாக்கினார். கையைத் தூக்கி, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிற தன்னையே அந்தச் சோதனைக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

“கொள்ளாம்லே” என்றார். “சத்தம் கேக்கியது போல உண்டு.”

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மக்கா, இந்த ஓரத்த மட்டும் வெட்டி எனக்கு அனுப்புவியா? எனக்க போட்டோவிலயெல்லாம் நான் கைகட்டிதான் நிக்கியேன். இது ஒண்ணுதான் நான் வேல செய்யிய படம்.”

அவர் கண்ணாடிக்கு ஃபிரேம் தேர்ந்தெடுப்பதற்குள் வெட்டி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே அது அவருடைய வாட்ஸ்அப் முகப்புப் படமாகிவிட்டது. அவர் எனக்கு ‘கண்ணாடி ரெடியா?’ என்று சாதாரணமாகக் கேட்டு எழுதும்போதும் அந்தப் படம் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கத்துகிறது. உடனே பதில் போட்டுவிடுகிறேன்.